அழுகல் உண்டு

என் தங்கை வெர்னா ஜெயித்தவை: முழங்கால் டாக்டரை இரண்டு முறை. கொண்டைக்கிளிக் கூட்டத்தை மூன்று வருடம். 2011 கண்காட்சியில், அடுப்பில் மறந்துபோய்க் கருக்கிய ஜாமுக்கு மூன்றாம் பரிசு. அந்தப் பரிசு ரிப்பன் இன்னும் அவள் ஏணியில் கட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் காலை எட்டுக்கு ஏணியை மெட்லர் பழமரத்தில் சாய்த்து, "விழுந்தா உன்னையும் இழுத்துக்கிட்டுத்தான் விழுவேன்" என்று மரத்திடம் சொல்லிவிட்டு ஏறுவாள். வயது அறுபத்தெட்டு.

எங்கள் ஊர்ப் பழைய பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் முப்பத்தொரு பழமரங்கள். எல்லாம் ஊருக்குச் சொந்தம். மரத்துக்கு ஓர் ஆள் பொறுப்பு. அவர் வாராவாரம் விழுந்ததைப் பொறுக்கிவிட்டு, கொட்டகையில் தொங்கும் புத்தகத்தில் "மரத்தடி சுத்தம், அழுகல் இல்லை" என்ற அச்சு வரிக்கு நேரே கையெழுத்திட வேண்டும். பழ ஈக்குப் பயந்து நகராட்சி போட்ட சட்டம்.

வெர்னா பத்தொன்பது வருடமாக எல்லா மரத்தையும் கவாத்து செய்கிறாள். ஒன்றுக்கும் பொறுப்பாளராகத் தன் பெயரைக் கொடுத்ததில்லை. "பேரு குடுத்தா மீட்டிங்குக்குக் கூப்பிடுவாங்கக்கா. ராய்ஸ் பேசறதை உக்காந்து கேக்கறதுக்கு வாலபிக் கங்காருவோட குடித்தனம் பண்ணலாம்." ராய்ஸ்தான் தோட்டக் குழுத் தலைவர்.

மெட்லருக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. பழுப்பாக, எலுமிச்சை அளவில் காய்க்கும். அதன் அடிப்பக்கத்தைப் பற்றி வெர்னா சொல்வது: "நாய் திரும்பி நின்ன மாதிரி." பறித்தவுடன் கடித்தால் துவர்ப்பில் வாய் கட்டிக்கொள்ளும். உறைபனி விழுந்தபின் பறித்து, வைக்கோலில் மூன்று வாரம் அழுகவிட்டால்தான் தின்னலாம். அழுகல் இல்லை என்று எந்த யோக்கியன் கையெழுத்திடுவான்?

எங்கள் பக்கம் ஜூன்தான் குளிர்காலம். 2019 ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை நகராட்சியிலிருந்து மீசைக்காரர் ஃபெல்டன் சிவப்புப் பெயிண்டோடு வந்தார். கொட்டகையில் நான்கு பெட்டி மெட்லரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, எல்லாம் அழுகிப்போச்சு."

"பக்குவமாயிருக்குங்க," என்றாள் வெர்னா ஏணி மேலிருந்து. "நீங்க ரிட்டயராகறப்போ வித்தியாசம் தெரியும்."

"வெர்னா, அவரைச் சீண்டாதீங்க," என்றார் கூட வந்திருந்த ராய்ஸ்.

"பொறுப்பாளர் பேர் இல்லாத மரம் திங்கக்கிழமை வெட்டுக்குப் போகும்," என்று ஃபெல்டன் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

வெர்னா இறங்கி வந்தாள். மரத்தைத் திட்டாமல் அவள் இறங்கி நான் பார்த்தது அன்றுதான். ஒரு பழத்தைப் பிதுக்கி நீட்டினாள்.

"வாயைத் திறங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திறந்தார். மென்றார். இரண்டாவதை அவராகவே எடுத்தார்.

"பேரீச்சம்பழம் மாதிரியில்ல இருக்கு," என்று மீசையைத் துடைத்தார். "ஆனா புத்தகத்துல அழுகல் இல்லைன்னு போட்டிருக்கே. நான் என்ன செய்யட்டும்?"

ராய்ஸ் தொண்டையைச் செருமினார். "குழுவைக் கூட்டி, ஒரு தீர்மானம் போட்டு..."

வெர்னா ஃபெல்டனின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். கொட்டகைப் புத்தகத்தின் அச்சு வரியில் "இல்லை"யை அடித்துவிட்டு மேலே "உண்டு" என்று எழுதினாள். அடியில் "மீட்டிங்குக்கு வரமாட்டேன்." அதற்கும் கீழே முழுப் பெயர், தேதியோடு: வெர்னா மேபல் ட்ரெகார்த்தன், 7 ஜூன் 2019.