எக்சிட் ஆன கட்டெறும்பு

ஜூன் மாதத்து முதல் மழை விட்ட சாயங்காலம், என் ஜெராக்ஸ் கடை டியூப்லைட்டைச் சுற்றி இறக்கை முளைத்ததெல்லாம் வந்து மொய்க்கும். குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ச் சந்தையில் மற்ற கடைக்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டு வாசலில் நின்று மழையைத் திட்டுவார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்துக் குனிந்து நடப்பேன். முக்கால்வாசி ஈசல்தான். அதற்குள் ஒன்றிரண்டு கட்டெறும்பு ராணி இருக்கும். ஈசலுக்கு இடுப்பு கிடையாது, எறும்புக்கு உண்டு. ராணிக்கு முதுகு திரண்டு, வயிறு கனத்திருக்கும். இறக்கையோடு இருந்தால் தொடமாட்டேன். இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் ஓட்டமும் நடையுமாகப் போகிறதே, அதுதான் எனக்கு வேண்டியது. அது ஆணோடு சேர்ந்தாயிற்று, இனி பறக்காது, குடும்பம் நடத்த இடம் தேடுகிறது என்று அர்த்தம்.

அப்படிப்பட்டதை நான் 'எக்சிட் ஆனது' என்பேன். வளைகுடாவிலிருந்து எங்கள் பக்கம் வருகிறவர்கள் இரண்டு வகை. லீவில் வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். எக்சிட் அடித்து வந்தவர்கள் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டவர்கள். என் மனைவி குவைத்தில் நர்ஸ். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் போனாள். இன்றுவரை லீவில்தான் வந்திருக்கிறாள். மகளும் படித்து முடித்து பெங்களூரில் வேலையாகிவிட்டாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே வீடு. பேச்சுக்குரல் கேட்க வேண்டுமென்றால் டிவியைப் போட வேண்டும்.

"ஏலே, சொந்த ராணிய அரபிநாட்டுக்கு அனுப்பிட்டு உறும்பு ராணிய வளக்கியாக்கும்?" என்பான் டீக்கடைக் கூட்டாளி. நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்ய.

போன வருஷம் பிடித்த ராணி நல்ல தாட்டியானது. டெஸ்ட் டியூப்பின் அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வைக்க வேண்டும் என்பதால் மனைவியின் புடவை அலமாரியில் வைத்தேன். முதல் வேலைக்கார எறும்புகள் பிறந்து இரை ஊட்டும் வரை ராணிக்கு நாம் எதுவும் கொடுக்க வேண்டாம். பறப்பதற்கு இருந்த தசையைக் கரைத்தே உயிரோடிருக்கும். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் மிரண்டுபோய்த் தன் முட்டையையே தின்றுவிடும். பார்க்காமல் இருப்பதுதான் இதில் பெரிய வேலை. எனக்கு அது பழகிப்போனதுதான். டூட்டி நேரத்தில் கூப்பிடாதீர்கள் என்று மனைவி சொன்ன நாளிலிருந்து ஃபோனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.

டியூப்பில் முட்டைகள் தெரிந்த வாரம் குவைத்திலிருந்து கார்கோ வந்தது. வழக்கமாக அந்தப் பெட்டியில் பால்பவுடரும் சோப்பும் கம்பளியும் இருக்கும், எல்லாம் ஊருக்குக் கொடுக்க. இந்த முறை திறந்தால் அடி நசுங்கிய குக்கர், அவள் தலையணை, இஸ்திரிப் பெட்டி, கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த மாதா படம். எக்சிட் அடிக்கிறவர்கள்தான் ரூமைக் காலி செய்து இப்படிப் புழங்கிய சாமான்களை முன்னால் அனுப்புவார்கள். எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். அவள் எண்ணெய் வாசனை இருந்தது. அன்றைக்கே அதைக் கட்டிலில் என் தலையணைக்குப் பக்கத்தில் போட்டேன்.

அவளாகச் சொல்லட்டும் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தேன். டீக்கடையில் மட்டும் சொல்லிவிட்டேன். கூட்டாளி அன்றைக்கு என்னைக் கிண்டல் செய்யவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் ஃபோனில் சொன்னாள்: "அயர்லாந்துல ஒரு ஆஸ்பத்திரியில வேல கெடச்சிருக்கு. அங்க பயங்கர தணுப்பாம், கம்பளி இல்லாம முடியாதாம். இங்க உள்ள சாமானெல்லாம் ஆகாது, அதான் அனுப்பிட்டேன்."

"அப்பம் எக்சிட் இல்லியா?"

"எக்சிட்டுதான். குவைத்துக்கு எக்சிட்டுதான்."

நல்லது என்றேன். சம்பளம் எப்படி, விசா எப்படி என்றெல்லாம் பொறுப்பாக விசாரித்தேன். ஃபோனை வைத்ததும் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

டியூப்பில் ஒரு கூடு பிரிந்து முதல் எறும்பு வெளியே வந்தது. மெலிந்த உடம்பு, சின்னத் தலை, முதுகில் இறக்கை. ஆண். எறும்பு வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். ஆணோடு சேராத ராணியும் சில சமயம் இறக்கையை உதிர்த்துவிடும், அதன் முட்டையில் ஆண்தான் பிறக்கும், அவை இரை தேடாது, இனி கூட்டம் பெருகாது, வெளியே விட்டுவிடுங்கள் என்று பதில் வந்தது. இறக்கை உதிர்ந்தால் போதும் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். விட மனம் வரவில்லை. அந்த ஆணும் கொஞ்ச நாளில் செத்துப்போனது.

ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவில் அவள் கொஞ்ச நாள் வீட்டில் இருந்தாள். புடவை எடுக்கப் போய் டியூப்பைப் பார்த்துவிட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பம் இனி ஒத்தைக்குத்தானா?"

"நாம குடுத்தா வருசக்கணக்கா கெடக்கும். ஒத்தைக்குத்தான்."

அன்றிலிருந்து பல்குச்சி நுனியில் தேன் கலந்த தண்ணீரைத் தொட்டு அவள்தான் ஊட்டினாள். நோயாளிக்கு மருந்து கொடுக்கிற அதே பொறுமை. ராணி வந்து குடிக்கும்வரை கையை அசைக்காமல் பிடித்திருப்பாள். நான் பக்கத்தில் நின்று ராணியை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் அவளை விட்டுவிட்டு நான் வீடு திரும்பியபோது வெயில் இன்னும் தாழவில்லை. அலமாரியைத் திறந்து டியூப்பை எடுத்து, அவள் செய்தது போலவே செய்தேன். ராணி குடித்தது. அப்போது ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"சாப்பாடு ஆச்சா?"

"ஆச்சு. இப்பதான் குடுத்தேன், நல்லா குடிச்சுது."

"நான் உங்களயாக்கும் கேட்டேன்."

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அடுப்பில் அவளுடைய அடி நசுங்கிய குக்கர் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. ஆச்சு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"நீ போவாண்டாம் ஏட்டி," என்றேன்.

விமானத்தில் ஏறச் சொல்லும் அறிவிப்பு அந்தப் பக்கம் கேட்டது. இரண்டாம் முறையும் கேட்டது. அவள் இன்னும் ஃபோனை வைக்கவில்லை.