மாப்பிள்ளைக் காருக்கு டிரைவர் எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் ராஜமணிக்குக் கல்யாணம். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். மற்ற உறவுக்காரர்கள் முன்கூட்டியே பஸ்ஸில் போய்விட்டார்கள். பின்னால் மாப்பிள்ளையும் தாய்மாமன் நானும். முன்னால் டிரைவர் தங்கய்யன். முகூர்த்தம் பத்தரைக்கு. அதை விட்டால் அடுத்த மாதம்தான் என்று ஜோசியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளை இன்ஜினீயர். பட்டு வேட்டி மடியில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை — கல்யாணத்தன்று! அதில் ஒரு படம். கார் தானாகவே ஓடுகிறது. உள்ளே அப்பா, அம்மா, பிள்ளைகள் சீட்டு விளையாடுகிறார்கள். ஸ்டியரிங் பக்கம் யாருமே இல்லை!

"பத்து வருஷத்துல டிரைவரே வேண்டாம் மாமா. ரோட்டுக்கு அடியில கம்பி போட்டிருப்பாவ. அது வழியே வண்டி தானே போவும்."

முன் சீட்டில் டிரைவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் காதில் விழுமே என்ற இங்கிதம் வேண்டாமா? தங்கய்யன் கோபப்படவில்லை. ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுக் கேட்டார்.

"குறுக்க ஆளு வந்தா, பிள்ளே?"

"முன்னால ஒரு கண்ணாடிக் கண்ணு உண்டு. பாத்ததும் பிரேக் விழும்."

"நின்னா, பின்ன எப்பம் எடுக்கும்?"

"ஆளு விலகினதும்."

"விலகல்லன்னா?"

ராஜமணி பக்கத்தைப் புரட்டினான். பதில் அந்தப் பக்கத்திலும் இல்லை.

எனக்கு வேறொரு சந்தேகம். ரோட்டு நடுவில் கோடு போட்டு, அதைப் பார்த்தும் கார் ஓடுமாம். மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்கும் இந்தச் சமயத்தில் எங்கள் தாலுகா தமிழ்நாட்டுக்கா, மலையாளத்துக்கா என்ற கோடே இன்னும் முடிவாகவில்லை... இதில் காருக்கு வேறு கோடா?

அமரவிளைப் பாலம் தாண்டியதும் கார் நின்றது. முன்னால் ஊர்வலம். ரோடு நிறையக் கொடிகள், தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கோஷம், நடுநடுவே தம்பட்டம். மணி ஒன்பதே முக்கால். ராஜமணிக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கும்தான்.

தங்கய்யன் இறங்கினார். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரரிடம் மலையாளத்தில் ஏதோ சொல்லி வண்டியை ஓரம் கட்ட வைத்தார். அடுத்து ஊர்வலத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"எலே மக்கா! மாப்பிள வண்டியாக்கும்! பத்தரைக்கு முகூர்த்தம்!"

"மாப்பிள எந்தப் பக்கம்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"பொண்ணு வீட்டுப் பக்கம்!"

ஊர்வலமே சிரித்தது. வழி விட்டார்கள் என்று எழுத ஆசைதான். விடவில்லை. காரை நடுவில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார்கள்! தம்பட்டக்காரர் காருக்கு முன்னால் வந்துவிட்டார். இரண்டு கோஷத்துக்கு ஒரு தடவை "மாப்பிளைக்கு ஜே!" ராஜமணி முதலில் நெளிந்தான், அப்புறம் கையசைக்க ஆரம்பித்துவிட்டான்.

பெண்ணின் அப்பா சர்க்கார் குமாஸ்தா. இத்தனை கொடிகள் தன் வீட்டை நோக்கி வருவதைப் பார்த்தால் என்ன ஆவார்? பயந்து பந்தலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அவரைத் தேடிக் கண்டுபிடித்து, வருவது மாப்பிள்ளைதான் என்று புரியவைக்கும்போது மணி பத்து இருபது. சரியாகப் பத்தரைக்குத் தாலி ஏறியது. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

பயம் தெளிந்த சம்பந்தி தாராளமாகிவிட்டார். "எல்லாரும் உண்டிட்டுதான் போணும்!" கொடிகளை வாழைமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு மொத்த ஊர்வலமும் பந்தியில் உட்கார்ந்தது. தாய்மாமனுக்குப் பப்படம் கிடைத்தது. பாயசம் கிடைக்கவில்லை.

காரை நிற்க வைப்பது பெரிய வித்தை இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். நின்ற கார் மறுபடி கிளம்ப வேண்டுமே! யாரிடம் கேட்பது, எந்த பாஷையில் கேட்பது, எப்படிச் சிரிக்க வைப்பது... இதையெல்லாம் எந்தக் கம்பி சொல்லிக் கொடுக்கும்? ராஜமணியிடம் சொன்னேன். "அது வாஸ்தவம் மாமா" என்று உடனே ஒத்துக்கொண்டான். கல்யாணமான முதல் நாள் இல்லையா, எதற்கும் தலையாட்டினான்.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்பட வேண்டும். நாலு மணிக்குக் கார் நின்ற இடத்துக்குப் போனோம். மாப்பிள்ளை வீட்டாரோடு ஒரு பந்தி, ஊர்வலத்தோடு ஒரு பந்தி சாப்பிட்ட தங்கய்யன், பின் சீட்டில் கால் நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உலுக்கினோம். புரண்டு படுத்தார். முன்னால், பத்திரிகைப் படத்தில் இருந்த மாதிரியே, ஸ்டியரிங் பக்கம் யாருமே இல்லை.

"நீ எடேன்டா" என்றேன் இன்ஜினீயரிடம்.

"எனக்கு ஓட்டத் தெரியாது மாமா!"

புதுப்பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

டிரைவர் இல்லாத கார் எங்கள் ஊருக்கு வந்தாயிற்று — ஓடத்தான் மாட்டேன் என்கிறது!