ரஷீதாக்கா தள்ளிவைத்த ஸ்ட்ரெச்சர்

ரஷீதாக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள் மதியம் போன் வந்தது. இறந்துவிட்டார் என்றார்கள். நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

எல்லையில் சண்டை தொடங்கிய வாரம், நம் செவிலிமேடு தையல்கூடத்தில் பள்ளிக்கூடப் பைகளை நிறுத்திவிட்டு ராணுவத்துக்கு ஸ்ட்ரெச்சர் தைக்க ஆரம்பித்தோம். தடித்த கான்வாஸ், தூக்குவதற்கு இரண்டு பக்கமும் பட்டைகள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை லீவை ரத்து செய்தது முதலாளி இல்லை; சூப்பர்வைசர் ரஷீதாக்காதான். டீ நேரத்தைப் பாதியாக்கியதும் அவர்தான். அடிபட்டவர்களுக்கு லீவு உண்டா என்று கேட்டார்.

அதோடு விட்டாரா? தைத்து முடித்த ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரிலும் ஏறிப் படுத்துக்கொள்வார். நாம் தூக்க வேண்டும். அவர் உடம்பு உங்களுக்குத் தெரியும்.

"என்னத் தாங்கினா எவனையும் தாங்கும்மா, தூக்குங்க" என்பார்.

"உன்னத் தூக்கித் தூக்கி நாங்க படுத்துக்கினா, எங்கள யாருக்கா தூக்கறது?" என்று கோமதி கேட்டதற்குப் படுத்தபடியே சிரித்தார். சிரித்தபோது இன்னும் கனத்தார்.

சண்டை நின்றது. இனியாவது ஞாயிறு உண்டா என்று கோமதி கேட்டாள்.

"சண்ட நின்னா? அடிபட்டவன் எழுந்து நடந்துக்கினா போறான்?"

நெஞ்சுவலிக்கு உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்ன டாக்டரிடமும், ஆர்டர் முடியட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார். அவர் மகள் சொல்லித்தான் நமக்கே தெரிந்தது. அந்த நெஞ்சோடுதான் நம்மை அதட்டிக்கொண்டிருந்தார். இதற்குக் கோபப்படாமல் என்ன செய்வது?

ஆர்டர் முடிந்த அன்று நான் தைத்த ஒன்றைத் தள்ளிவைத்தார். ஒரு பட்டையில் தையல் நூலளவு விலகியிருந்தது. சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். அந்தக் குறியை வேறு யாரும் துடைக்கக் கூடாது; சரிசெய்து காட்டினால் அவரே முந்தானையால் துடைப்பார். நான் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"அது தாங்கும்க்கா."

"தாங்கும். இருந்தாலும் பிரிச்சுத் தைம்மா."

நான் பிரிக்கவில்லை. மற்றவை எல்லாம் லாரியில் போயின. அது மட்டும் என் மிஷினுக்கு அடியில் கிடந்தது.

மறுநாள் காலை மாடியில் அவர் சரிந்து விழுந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுவந்த சக்கரக் கட்டில் நம் குறுகிய படிக்கட்டில் திரும்பவில்லை. நம்மிடம் இருந்தது அந்த ஒன்றுதான். குறி போட்ட பட்டையை நானே பிடித்துக்கொண்டேன். படி திரும்பும் இடத்தில் முழுக் கனமும் என் பக்கம் சாய்ந்தது. கீழே இறக்கும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தையலைத்தான் பார்த்தேன். தாங்கியது. சொன்னேனே அக்கா என்று சொல்லத்தான் முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த ஸ்ட்ரெச்சரை முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார். கூட்டத்தன்று நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் பின்னால் உட்கார்ந்து அந்தத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கனத்தைத் தாங்கிய தையல், லேசில் பிரியவில்லை. பிரித்து, நேராகத் தைத்து, என் வீட்டில் மடித்து வைத்திருக்கிறேன்.

சாக்பீஸ் குறி அப்படியே இருக்கிறது. அதைத் துடைக்க வேண்டியவர் அவர்தான்.