தவலைக்குள் போன அமைச்சர்

1980 மே 11, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால். கத்திரி தொடங்கி எட்டாவது நாள். ஆவடி குவார்ட்டர்ஸ் முற்றத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அந்த நேரத்தில்தான் அத்தை என்னைத் தன் பித்தளைத் தவலைக்குள் இறக்கினாள். எனக்கு எட்டு வயது.

அத்தை அப்பாவின் தங்கை. புகுந்த வீட்டில் ஒத்துவராமல் மூன்று வருடமாக எங்களோடு இருந்தாள். வாரப் பத்திரிகை ஒன்றில் சரித்திரத் துப்பறியும் தொடர் எழுதிவந்தாள். அந்த வாரம் அமைச்சரைக் கொன்றாயிற்று. சடலம் காவலைத் தாண்டி வெளியே போக வேண்டும்.

"தவலையில வச்சு அனுப்ப முடியுமான்னு பாக்கணும். நீ அரை அமைச்சராவது இருப்பே," என்றாள்.

தையல் டேப்பால் என் தோளையும் தவலையின் வாயையும் இரண்டு முறை அளந்தாள். பதவி கிடைத்த பெருமையில் உள்ளே இறங்கி, முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

அம்மா கால் லிட்டர் நல்லெண்ணெயை ஊற்றினாள். அப்பா அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். தவலையும் சேர்ந்து வந்தது. அவருக்கு வேறு கவலை. அடுத்த ஞாயிறு அத்தையின் கணவர், அதாவது மாமா, வீட்டார் அத்தையை அழைத்துப்போக வருவதாக இருந்தது. எழுதுவதை விட்டுவிட வேண்டும், சீர்ப் பாத்திரம் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். இரண்டுக்கும் அப்பா தலையாட்டியிருந்தார். அத்தை அண்ணனை எதிர்த்துப் பேசி அறியாதவள்.

"அறுத்துடலாம்ணா."

"சீர்ப் பாத்திரம்மா அது!"

"உள்ளே இருக்கறது உங்க புள்ளை."

கோவில்பதாகையிலிருந்து பட்டறைக்காரர் ரம்பத்தோடு வந்தார். "இன்னாக்கா, புள்ளைய ஊறுகா போட்டு வச்சிகினு கீறே?" என்றவர் என்னிடம், "ஆடாம குந்து நைனா, இல்லாங்காட்டி ரெண்டு பையனாயிடுவே," என்றார். நாற்பது நிமிடம். ஈரத்துணியை என் மேல் போர்த்தி, அத்தை என் தலையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மாமா வீட்டார் வந்தார்கள். இரண்டு துண்டாகக் கிடந்த தவலையைப் பார்த்தார்கள். அபசகுனம் என்று காப்பியைக்கூடத் தொடாமல் திரும்பினார்கள். அப்பா ஒரு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அத்தையின் வாழ்வைக் கெடுத்தவன் நான்தான் என்று வருடக்கணக்கில் நம்பியிருந்தேன்.

பிறகு அந்த அத்தியாயம் அச்சில் வந்தது. எழுத்துக்கூட்டித் தேடினேன். அமைச்சரின் சடலம் வைக்கோல் படகில் போயிருந்தது. தவலை என்ற சொல்லே இல்லை.

"நான் பட்டதெல்லாம் வீணா அத்தை?" என்று அழுதேன்.

"கதைக்குச் சரிப்படலைடா கண்ணா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதே வீட்டில் அடுத்த பத்தொன்பது வருடத்தில் பதினான்கு நாவல் எழுதினாள். எல்லாவற்றிலும் குற்றவாளி ஒரே விதமாகத்தான் சிக்குவான்: ஏதோ ஒன்றை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பான். பதினான்கையும் படித்து முடித்த பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது.

பட்டறைக்காரர் கூலி கேட்டார். அப்பா சட்டையைத் தேடி உள்ளே போனார். அதற்குள் அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து, எண்ணிப் பார்க்காமலே கொடுத்துவிட்டாள். சரியாகப் பதினைந்து ரூபாய்.