பதில் வரும்வரை நின்ற பழனாத்தாக்கா

செவ்வாய்க்கிழமை முருகனுக்கு விளக்கேற்றிக் கொண்டிருந்தபோது, பழனாத்தாக்கா போய்விட்டார் என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொன்னாள். கையிலிருந்த திரியை ஏற்றி முடித்துவிட்டுத்தான் அழுதேன். பாதியில் எதையும் விடுவது அக்காவுக்குப் பிடிக்காது.

பனியன் கம்பெனியில் அவரோடு மடித்து அடுக்கிய பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். ஐ.நா. சமாதானப் படையோடு காங்கோவுக்குப் போயிருந்த சமயத்தில்தான் சீனாக்காரன் நம் எல்லைக்குள் வந்தான். நான் பாட்டுப் புத்தகத்தை வைத்து நானாக எழுத்துக்கூட்டப் பழகியவள். சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவேன். கடிதம் வரும் நாளையெல்லாம் காலண்டரில் குறித்து வைப்பேன். அப்போது கடைசிக் கடிதம் வந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

"வெயில் நாட்டுல இருந்து நேராப் பனிமலைக்கு ஏத்திருவாங்களா அம்மிணி? போட்டுக்க என்ன வெச்சிருப்பாரு?" என்று கேட்டார். பேப்பரைத் திருப்பித் திருப்பித் தேடினேன்.

அந்த ஞாயிறு காலை கோயில் மைதானத்தில் எல்லைச் சண்டை பற்றிக் கூட்டம். "காங்கோவிலும் நம் படை, காசாவிலும் நம் படை, இமயத்திலும் நம் படை!" என்றார் பேச வந்தவர். எல்லோரும் கை தட்டினோம். அக்கா எழுந்தார்.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. அத்தனை எடத்துக்கும் ஆளு பத்துமுங்களா?"

ஆண்கள் பக்கமிருந்து ஒருவர், "உன்ற ஊட்டுக்காரன் வேணும்னா நேராக் கேளு புள்ள!" என்றார். ஒரே சிரிப்பு.

"ஆமாங்கண்ணா, எனக்கு அவரு வேணும். உங்களுக்கு எல்லை வேண்டாமுங்களா?"

சிரிப்பு நின்றது. அக்கா பையிலிருந்து ஒரு பனியனை எடுத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்து இழுத்தார். "இழுத்தா அகலமாத்தானுங்க தெரியும். அந்தாண்ட சூரியனும் தெரியுது பாருங்க."

"உட்காருங்கம்மா. மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார் பேச வந்தவர்.

"பதில் வரட்டுமுங்க. உக்காந்துக்கறேன்."

நின்றார். நானும் எழுந்தேன். பின்னால் மடிப்புப் பெண்கள், தையல் பெண்கள் என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். பேச வந்தவர் கையிலிருந்த தாளை மடித்தார். "பத்தாதுங்கம்மா. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது" என்றார். வெளிநாட்டுக்குப் போன படையைத் திரும்ப அழையுங்கள், கம்பளி கொடுத்த பிறகே மலைக்கு ஏற்றுங்கள் என்று அங்கேயே மனு எழுதினோம். முதல் கைரேகை அக்காவுடையது.

அந்த மனு யார் கண்ணில் பட்டதோ, முருகனுக்குத்தான் தெரியும். ஆனால் அடுத்த பங்குனியில் காங்கோவிலிருந்து அக்கா வீட்டுக்காரர் வந்து இறங்கினார். கறுத்து, இளைத்து, முழுசாக. மேளம் வைத்துக் கூட்டி வந்தோம். அன்று கேலி பேசியவர் வீட்டு வாசலில் மேளத்தை நிறுத்தச் சொல்லி, "அண்ணா, ஊட்டுக்காரரு வந்துட்டாருங்க. எல்லையும் அங்கியேதான் இருக்குது!" என்றார் அக்கா. அவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்து மாலை போட்டார்.

கேட்டால் பதில் வரும்வரை உட்காரக் கூடாது. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். கோயில் கமிட்டியில் பெண்கள் ஏன் இல்லை என்று போன மாதம் கேட்டுவிட்டு நின்றேன். உட்காரச் சொன்னார்கள். நின்றேன். பிறகு உட்கார்ந்தேன், கமிட்டி நாற்காலியில்.