ஞானசேகரன் ஷூ விட்ட இடம்

அமெரிக்காவில், பேர்லேண்டில் புற்றுநோய் நிதிக்கான ஓட்டம். தொடங்கும் இடத்தில் இறந்தவர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். மனைவி சுகந்தியின் படத்தைக் கண்டதும் ஞானசேகரன் பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கண்ணைத் திறப்பதற்குள் ஓட்டம் தொடங்க ஹாரன் ஊதிவிட்டார்கள். கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

பாதி தூரத்தில் சாக்ஸ் கிழிந்து கால் எரிந்தது. வருஷா வருஷம் பாதியிலேயே உட்காருகிற ஆள், இந்தத் தடவை முழுக்க ஓடுவதாக ஆஸ்பத்திரியில் சுகந்தியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

"போதும்ப்பா, ஸ்டாப் பண்ணுங்க. வண்டிய கூப்பிடறேன்" என்றாள் கூடவே ஓடிவந்த மகள் மதுவந்தி.

"உங்கம்மா இருந்தா இப்படியா சொல்லுவா?"

மதுவந்தி இடுப்பில் கைவைத்து, அச்சு அசல் அம்மா குரலில் மூக்கால் இழுத்தாள்: "ஏங்க, மீனாட்சி கோயில்ல புளியோதரைக்கு மட்டும் வெறுங்கால்ல ஓடத் தெரியுதுல்ல? இங்க என்ன கேடு? கிளம்புங்க!"

"வந்துட்டேன்டி, கத்தாதே!" சிரித்துக்கொண்டே கிளம்பியவர், எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. நேரே சுகந்தியின் படத்துக்கு முன்னால் போய், "முடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் ஷூவை மாட்டினார்.