பாதி வரைந்த வாள்வீரன்

1. திரும்பி வந்த படம்

வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து பதில் வந்த காலையில், முதலாளி பிரின்ட் எடுத்த தாளோடு எங்கள் அறைக்குள் வந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. துடியலூரில் மோட்டார் பம்ப் கடைக்கு மேல்மாடி, நான்கு கம்ப்யூட்டர். அந்த வெளிநாட்டுக்காரர்கள் மாயாஜால உலகத்தில் நடக்கும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். ஆடுகிறவர் மந்திரவாதி, வில்லாளி என்று ஒரு பாத்திரத்தைத் தேர்ந்துகொண்டு ஊர் ஊராகப் போய்ச் சண்டை போட வேண்டும். அந்தப் பாத்திரங்களைத் திரையில் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுப்பது எங்கள் வேலை.

நான் படித்தது பத்தாவது. அதற்கு முன் பெட்ஷீட் தறிகளுக்கு கிராப், அதாவது நெசவு டிசைன், போட்டுக்கொண்டிருந்தேன். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினால் அது துணியில் பூவாகவோ மயிலாகவோ விழும். இதுவும் அதே மாதிரி வேலைதான் என்று முதலாளி என்னை எடுத்தார். நான் விட்டு வந்த நாற்காலியில் அடுத்த வாரமே வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. திரும்பிப் போக இடமில்லை.

எனக்குக் கொடுத்தது டூயலிஸ்ட் என்ற பாத்திரம், ஒற்றைக்கு ஒற்றை மோதும் வாள்வீரன். ஒல்லியான நேர்வாள். கேடயமும் இல்லை, கவசமும் இல்லை. எதிரி வெட்ட வந்தால் வாளால் தட்டிவிட்டு அதே மூச்சில் குத்த வேண்டும். நிற்பது, முன்னேறுவது, தட்டுவது, குத்துவது என்று எல்லா ஃப்ரேமும் வரைந்து அனுப்பியிருந்தோம்.

முதலாளி தாளைப் படித்தார். "இந்த ஆளு நெஞ்சத் தொறந்து போட்டுட்டு நிக்கறான், மொதக் குத்துலயே செத்துப் போவான்னு எழுதியிருக்கறான். அப்பறம், ஒடம்போட ரெண்டு பக்கமும் புள்ளி மாறாம ஒண்ணா இருக்குது, உங்க புரோகிராம் காப்பி அடிக்குதான்னு கேக்கறான்."

எல்லோரும் சுரேஷைப் பார்த்தோம். எங்கள் புரோகிராமர் அவன்தான்.

"என்ற புரோகிராம் படத்தச் சுருக்கி அடுக்கறது மட்டுந்தானுங்க சார்."

"அப்ப பேயி வந்து காப்பி அடிச்சுதா? என்னன்னு கண்டுபுடிச்சுப்போட்டு அப்பறம் ஊருக்குப் போ."

மறுநாளுக்கு மறுநாள் சாயங்காலம் உடுமலைப்பேட்டையில் சுரேஷின் தங்கைக்கு நிச்சயதார்த்தம்.

2. எனக்கு மட்டும் தெரிந்தது

கிராப் போடுகிறவர்கள் பூவை முழுதாக வரைய மாட்டோம். நடுக்கோடு வரை பாதி வரைந்தால் போதும், மறுபாதியைத் தறி திருப்பிப் போட்டுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் வாள்வீரனையும் பாதிதான் வரைந்தேன். அந்தப் பாதியைக் கம்ப்யூட்டரில் திருப்பி ஒட்டி, ஒரு கையில் வாளை வைத்துவிட்டேன். கால் இரண்டும் சமமாக அகன்று, தோள் இரண்டும் ஒரே மட்டத்தில், பெட்ஷீட் நடுவில் நிற்கும் மயில் மாதிரி நின்றான். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது என்று முதலாளி பாராட்டியபோதும் சொல்லவில்லை.

அன்று மதியம் சுரேஷ் கேட்டான். "ஏனுங்க்கா, உங்க பக்கம் ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"இல்லீங்க தம்பி."

அவன் நம்பிவிட்டான். சரியாக இருந்த புரோகிராமை வரி வரியாகப் பார்க்க ஆரம்பித்தான். மறுநாளும் பார்த்தான். நான் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

3. கதவருகே

மூன்றாம் நாள். சுரேஷின் பை மேசைக்கடியில் இருந்தது. மூன்று மணிக்கு அவன் வீட்டிலிருந்து போன். "வாரேம்மா. மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வந்தா காப்பி குடுத்து உக்கார வெய்யுங்க. நாந்தான் மாப்பிள்ளயா, நான் இல்லாட்டி நிச்சயம் நின்னா போகும்?" சிரித்துத்தான் பேசினான். போனை வைத்த பிறகு சிரிப்பில்லை.

நான் பாதிப்படங்கள் இருந்த ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். உள்ளே போகக் கால் வரவில்லை. கதவருகிலேயே நின்று ஃப்ளாப்பியை நீட்டினேன்.

"சார், அது புரோகிராம் இல்லீங்க. நாந்தானுங்க. பாதி வரஞ்சு திருப்பி ஒட்டிப்போட்டேன்."

என் முதுகுக்குப் பின்னால் சுரேஷ் குரல் கேட்டது.

"அக்கா, அசையாதீங்க!"

"ஏப்பா, இங்க என்ன போட்டோவா புடிக்கற?" என்றார் முதலாளி.

"சார், அவங்க நிக்கறதப் பாருங்க. வெளிநாட்டுக்காரங்க தாள்ல கேக்கற ஆளு இதுதானுங்க."

நான் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன். உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வலது கால் முன்னால், பின்கால் ஓடத் தயாராக. வலது கை ஃப்ளாப்பியை நீட்டியிருந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தது. அடி விழுவதற்கு எவ்வளவு குறைவான இடம் கொடுக்க முடியுமோ அவ்வளவுதான் கொடுத்திருந்தேன்.

முதலாளி சிரிக்கவில்லை. "சுரேஷு, நீ கெளம்பு. அம்மணி, ரெண்டு நாளு அந்தப் பையன நான் திட்டிட்டு இருந்தனே, கேட்டுட்டுத்தான உக்காந்திருந்தீங்க?"

நான் ஃப்ளாப்பியை அவர் மேசைமேல் வைத்துவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

எல்லா ஃப்ரேமையும் முழுதாகத் திரும்ப வரைந்தேன். வாள்வீரன் ஒருக்களித்து நின்றான். எதிரி ஓர் அடி வந்தால் ஓர் அடி பின்வாங்கினான். எட்டும் தூரம் வந்தால் மட்டும் குத்தினான், குத்தியதும் உடனே பின்னால் வந்தான். தைரியசாலியாக அவனை நான் வரையவில்லை. சாகப் பயப்படுகிறவனாகத்தான் வரைந்தேன். இந்த முறை ஒரு ஃப்ரேம்கூடத் திரும்பி வரவில்லை. முதலாளி என்னை வெளியே அனுப்பவில்லை, ஆனால் நிரந்தரத்தை இன்னும் ஆறு மாதம் தள்ளிவைத்தார். அது நியாயம்தான்.

திங்கட்கிழமை சுரேஷ் ஒரு பொட்டலம் லட்டு கொண்டுவந்தான். "நான் போறதுக்குள்ள தட்டு மாத்தி முடிச்சுட்டாங்க்கா. பந்தி மட்டும் கெடச்சுது" என்று சொல்லிச் சிரித்தான். என்மேல் கோபப்படவே இல்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். தப்புச் செய்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். முதல் நாள் சொல்லியிருந்தாலும் நான் அதே பயத்தோடுதான் அந்தக் கதவருகே நின்றிருப்பேன். சுரேஷ் மட்டும் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்து, தங்கை பக்கத்தில் நின்றிருப்பான்.